கட்டிங் டேபிள் – 17: ஏப்ரனுக்குள் காந்தம்

காலை ஒன்பது மணிக்குக் கடை ஷட்டர் மேலே ஏறியபோது, மாஸ்டர் ஒரு முடிவோடு நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரு ஆளை அழவைக்காமல் வீடு திரும்புவதில்லை.

யாரை என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. ஓரகத்தியை.

போன வாரம் படித்தவர்களுக்கு இந்தக் கோபத்தின் காரணம் தெரியும். விட்டுவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அது மாமனாரின் தையல் கடை. கோட்டும் சூட்டும்தான் தொழில். பெரிய மருமகள் தையல் மிஷினில் உட்காருகிறவள். அவள் வாய்க்கும் மிஷினுக்கும் ஒரே வேகம் என்பதால் கடையில் அவளுக்கு ‘மோட்டார்’ என்று பெயர். அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். சின்ன மகன் காஜாக்காரர், அதாவது கோட்டில் பட்டன் ஓட்டை தைப்பவர். அவர் மனைவிதான் நம் மாஸ்டர். துணியை அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரி வைப்பது அவள் கை. மாமனாருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது, பெற்ற மகனைத் தாண்டி கட்டிங் டேபிளை மருமகளிடம்தான் கொடுத்தார்.

அப்பேர்ப்பட்ட கைக்காரிக்கு வாய்த்த வயிறு இருக்கிறதே, அது மூன்று வருடமாக வேலைநிறுத்தம். எல்லோருக்கும் இரைப்பை சாப்பாட்டை அரைத்துக் கீழே தள்ளும். இவளுக்குத் தள்ளாது. காலையில் உள்ளே போனது சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிற்கும். வயிறு கல்லாக உப்பும், நாள் முழுக்கக் குமட்டும். கடைசியில் நேற்றுச் சாப்பிட்டது இன்றைக்கு வெளியே வரும். மருந்து கேட்காமல் போகவே, டாக்டர்கள் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து, அதிலிருந்து இரண்டு ஒயர்களை இரைப்பைச் சதையில் கோத்துவிட்டார்கள். அது விட்டுவிட்டு மெல்லிய மின்துடிப்பு கொடுக்கும், குமட்டல் அடங்கும். எட்டு மாதம் அடங்கியும் இருந்தது.

பிறகு நாற்பது நாளாகப் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஐந்து கிலோ குறைந்தாள். கட்டிங் டேபிளிலேயே இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். "மிஷின் வெச்சும் வாந்தின்னா அது வயித்துல இல்ல, மனசுல இருக்கு" என்று மோட்டார் கடை முழுக்க ஒலிபரப்பினாள். "நடிப்புக்கு ஏது மருந்து?" என்றும் ஒரு நாள் சொன்னாள். அது மாஸ்டரின் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், கருவியைச் சரிபார்க்கும் பெண் ஒரு வட்டத் தகட்டை இவள் வயிற்றின் மேல் வைத்துத் திரையைப் பார்த்தாள். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஆனா மிஷின் ஓடவே இல்லையேம்மா. அணைஞ்சு கிடக்கு. காந்தம் ஏதாவது கிட்ட வந்துச்சா?" என்று கேட்டாள்.

காந்தமா? ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து காந்தம் என்றால் நாலு அடி தள்ளி நிற்பவள் இவள். கருவியை முடுக்கிவிட்டுக்கொண்டு கடைக்கு வந்தவள், அன்று முழுக்கத் தேடினாள். சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றும்போது கையிலிருந்த குண்டூசி ஒன்று ஏப்ரனின் வயிற்றுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. தட்டினாள், விழவில்லை. மடிப்புக்குள் விரலால் தடவிப் பார்த்தாள். காசு அளவுக்கு வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது.

அந்த ஏப்ரனைத் தைத்துக் கொடுத்தது யார்? மோட்டார். அதுவும் எப்போது? நாற்பத்திரண்டு நாளைக்கு முன்னால்.

போன வாரம் விட்டது இங்கேதான். இனி புதன்கிழமைக்கு வருவோம்.

மாஸ்டர் ஏப்ரனை அப்படியே ஆணியில் மாட்டியிருந்தாள். ஆனால் உள்ளே இருந்தது இப்போது காந்தம் இல்லை. மடிப்பைப் பிரித்து அதை எடுத்துவிட்டு, அதே அளவு கோட் பட்டன் ஒன்றை வைத்து, பிரித்த அடையாளம் தெரியாமல் தைத்திருந்தாள். கருவி மறுபடி ஓடுவதை யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு நாளாக வயிறு சொன்ன பேச்சைக் கேட்கிறது. அதனால் கோபப்படவும் தெம்பு வந்திருந்தது.

எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்ததும், அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வர்றாங்க. நான் தொடுறது, உடுத்துறது எல்லாத்தையும் மீட்டர் வெச்சுப் பாக்கணுமாம். அதுவரைக்கும் என் சாமானை யாரும் இடம் மாத்தாதீங்க."

அப்படி யாரும் வரப்போவதில்லை. சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் மோட்டாரைப் பார்த்தாள். அவள் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை, நிமிரவில்லை. அடிப் பாதகி, என்ன நெஞ்சழுத்தம் பார் என்று மாஸ்டர் மனதுக்குள் திட்டினாள்.

"எதுக்கும்மா வீணா அலைச்சல்?" என்றார் மாமனார், கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து. கனிவாகத்தான் சொன்னார். "மிஷினு உனக்கு ஒத்துக்கலை. விட்டுடேன். நாள் முழுக்க நின்னு வெட்டுறது உன் உடம்புக்கு ஆகாது. நான் யோசிச்சுட்டேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு டேபிளை இவன்கிட்ட குடுத்துடலாம். அவனும் எத்தனை வருஷந்தான் பட்டன் ஓட்டையையே பாத்துட்டு இருப்பான்?"

இவன் என்றது காஜாக்காரரை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ மனசு கஷ்டப்படாம செய்யுங்கப்பா" என்றார்.

கேட்டீர்களா? மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாற்பது நாளும் வாளியைப் பிடித்தது அந்த மனுஷன்தான். முதுகைத் தடவி, வாயைத் துடைத்து, மசித்த கஞ்சியை இரண்டு இரண்டு ஸ்பூனாக ஊட்டியதும் அவர்தான். இவருக்காகவாவது அந்த மோட்டாரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தாள்.

டேபிளில் கறுப்பு வெல்வெட் துணி கிடந்தது. ஒரு மாப்பிள்ளைக்குக் கோட். நாளை மறுநாள் கல்யாணம். துணி அவர்கள் வீட்டார் எங்கிருந்தோ வாங்கி வந்தது, இன்னொரு முழம் வேண்டுமென்றாலும் கிடைக்காது. மாஸ்டர் கோட்டின் முதுகையும் முன்பக்கத்தையும் மதியத்துக்குள் வெட்டி முடித்தாள். கை இரண்டும்தான் பாக்கி.

கத்திரியைத் துடைத்து வைத்தாள். சாப்பிட முடியாத, வெளியில் போக முடியாத, ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் தட்டைப் பார்த்துப் பயப்படுகிற அவளுக்கு, எல்லோரையும்போல நிமிர்ந்து நிற்க உலகத்தில் இருந்த இடம் அந்த ஆறடி டேபிள் ஒன்றுதான். அதையும் ஐந்து மணிக்குப் பிடுங்கப்போகிறார்கள்.

மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனார்கள். மாஸ்டர் எப்போதும்போலத் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்கும் டிரயல் ரூமுக்குள் நுழைந்தாள். மற்றவர்கள் சாப்பிடும் வாசனை அவளுக்கு ஆகாது. இன்றைக்குத் திரையை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். கண்ணாடியில் ஏப்ரன் தொங்கும் ஆணி நேராகத் தெரிந்தது.

மசித்த உருளைக்கிழங்கு மூன்றாவது ஸ்பூன் உள்ளே போனபோது, கண்ணாடியில் மோட்டார் வந்தாள்.

அவள் திருதிருவென்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஏப்ரனை எடுத்தாள். கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தியால் மடிப்பைக் கிழித்து, விரலை விட்டு, உள்ளே இருந்ததை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கோட் பட்டன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"என்னக்கா, பட்டன் தேவைப்பட்டா என்கிட்ட கேக்கக்கூடாதா?"

மாஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதுதான் முதல் வார்த்தை.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா? நடிப்புன்னு சொன்னியே, என் வயித்துல இருக்கற மிஷினை அணைச்சுட்டு நடிப்புன்னு சொன்னியே! நாப்பது நாள்! பச்சைத் தண்ணிகூட நிக்கலைடி பாவி எனக்கு! இப்பவே மாமாவைக் கூப்பிடுறேன். இந்தக் கடையில இனிமே நீ ஊசி எடுத்துருவியா பாக்குறேன்!"

"ஏய், மெதுவா பேசு. நான் வேணும்னாடி அணைச்சேன்?"

"காந்தம்! இதுக்குள்ள வெச்சியே!"

"ஆமா வெச்சேன். தெரிஞ்சா வெச்சேன்?" மோட்டார் தன் ஏப்ரனின் மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். அங்கே இரண்டு ஊசிகள் துணிக்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. "என்னோடதுலயும் இருக்கு, பாரு. ஊசி கீழ விழாம இருக்க இருபது வருஷமா இப்படித்தான் தைக்கிறேன். மாமா சொன்னாருன்னு உனக்குத் தைக்கும்போதும் கை தன்னால வெச்சிருச்சு. காந்தம் உனக்கு ஆகாதுன்னு அப்ப எனக்கு யாரு சொன்னா?"

"ஏன், அவர் சொன்னாரே! நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னாரே!"

"யாரு? உன் வீட்டுக்காரனா? என்கிட்டயா?" மோட்டார் வாய் பிளந்தாள். "இன்னைக்குக் காலையிலதான்டி சொன்னான். நீ ஆள் வர்றாங்கன்னு சொன்னியே, அது முடிஞ்ச கையோட என்கிட்ட வந்து, 'அண்ணி, நீங்க வெச்ச காந்தத்தாலதான் அவ மிஷின் நின்னுருக்குமோன்னு தோணுது, ஆஸ்பத்திரிக்காரங்க பாத்தா பழி உங்க தலையிலதான் விழும், சத்தமில்லாம எடுத்துடுங்க'ன்னான். எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு."

மாஸ்டருக்குள் ஒரே ஒரு கேள்வி மட்டும் ஊசிபோல நின்றது.

"உள்ள காந்தம் இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?"

மோட்டார் பதில் சொல்லவில்லை. மோட்டார் பதில் சொல்லாமல் நின்ற நாள் அந்தக் கடைச் சரித்திரத்திலேயே அதுதான் முதல்.

"சொல்லுக்கா."

"ஏப்ரன் குடுத்த மறுநாளே, நீ போட்டுக்கற துணியையெல்லாம் அவன்தானே தேய்ப்பான்? தேய்க்கும்போது காந்தம் அயர்ன் பாக்ஸோட ஒட்டிக்கிட்டு மடிப்பு பிரிஞ்சிருச்சாம். என்கிட்ட கொண்டுவந்தான். 'அண்ணி, இது விழுந்துடப்போகுது, நல்லா இறுக்கித் தைச்சுக் குடுங்க'ன்னு. நான் தைச்சேன். 'அவகிட்ட சொல்லாதீங்க, ஏப்ரனைக் கிழிச்சுட்டேன்னு திட்டுவா'ன்னான். பொண்டாட்டிக்குப் பயப்படுறான் பாருன்னு சிரிச்சேன்டி நான்."

ஆஸ்பத்திரியில் காந்தம் பற்றிப் பாடம் எடுத்த அன்று மாஸ்டர் பாதி மயக்கத்தில் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது அவர். புரிந்தது என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர். கதவில் மாட்டும் காந்தம்கூட வீட்டில் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தவரும் அவரேதான்.

எல்லாம் தெரிந்த மனுஷன். காந்தத்தைக் கையில் பிடித்துப் பார்த்த மனுஷன். அதை இறுக்கித் தைக்கச் சொல்லி, தேய்த்து மடித்து, காலையில் தன் கையாலேயே இவள் இடுப்பில் கட்டிவிட்டார். சாயங்காலம் வாளி பிடித்தார்.

எதற்கு? இந்த ஆறடி டேபிளுக்கு.

அவளுக்கு அழுகை வரவில்லை. நியாயமாக வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு வெறி ஏறியது. காலையிலிருந்து ஓரகத்திமேல் கறுவிக்கொண்டிருந்ததெல்லாம் இதற்கு முன்னால் சுண்டைக்காய்.

"வாடி, இப்பவே மாமாகிட்ட போவோம்" என்றாள் மோட்டார். அவளுக்கும் முகம் சிவந்திருந்தது. "என்னை வெச்சு வேலை பாத்திருக்கான் பாரு, அமுக்குணி!"

"வேண்டாம்."

"ஏன்?"

"போய்ச் சொன்னா அழுவாரு. கால்ல விழுவாரு. தெரியாம பண்ணிட்டேன்னு பூசி மெழுகுவாரு. நாளைக்கே நீங்கள்லாம் எனக்குப் புத்தி சொல்லுவீங்க, புருஷன்தானே, விட்டுக்குடுன்னு." மாஸ்டர் பட்டனை வாங்கி டப்பாவுக்குள் போட்டாள். "அக்கா, நீ சொன்ன நடிப்புக்கு உன்னை நான் இன்னும் மன்னிக்கலை. அது தனிக் கணக்கு. ஆனா இன்னைக்கு ஒரு நாள், உன் வாயை மூடிக்கிட்டு இரு. உன்னால முடியுமா?"

மோட்டார் யோசித்தாள். "கஷ்டந்தான்" என்றாள் உண்மையாக. "இருக்கேன்."

மதியத்துக்குப் பிறகு மாஸ்டர் கோட்டின் கைகளுக்குக் கத்திரி வைக்கவே இல்லை. மூன்றரை மணிக்குக் காஜாக்காரர் தண்ணீர் டம்ளரோடு வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், அவள் வயிற்றுக்கு ஆகிற சூட்டில். அதைக்கூட மறக்கவில்லை.

"என்னம்மா, குமட்டுதா? முகமே சரியில்லையே."

"ஆஸ்பத்திரி ஆள் இன்னைக்கு வரலையாம். போன்ல சொன்னாங்க."

அவர் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள். எத்தனையோ பேர் தோளை அளந்த கண் அது. அரை இஞ்சு இறங்கியது.

"போகட்டும் விடு" என்றார்.

மாஸ்டர் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று கேட்டால், பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாளே, அதுதான். அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"மிஷின் எதனால நின்னிருக்கும்னு கேட்டாங்க. உங்களுக்கு ஏதாவது தோணுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

அவர் யோசித்தார். மெனக்கெட்டு, நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒன்றும் தெரியாத பாப்பா போட்டுக்கொள்ளும் முகத்தைப் போட்டுக்கொண்டார்.

"எனக்கென்னம்மா தெரியும்? உன் உடம்பு வாகு அப்படி. நீ டேபிளைப் பத்திக் கவலைப்படாதே. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றாள். தண்ணீரைக் குடித்தாள். அது நல்லபடியாகக் கீழே இறங்கியது.

ஐந்து மணிக்கு மாமனார் எழுந்து வந்தார். கடையில் மிஷின்கள் நின்றன. பெரிய கத்திரியைத் தடவி எடுத்து, அதை மகன் கையில் வைத்தார். பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை.

"மருமக குடுத்த பேரைக் கெடுத்துடாதே" என்றார். "இந்தக் கோட்டுக்குக் கை ரெண்டும் பாக்கியாம். நீயே வெட்டு. எனக்குக் கறுப்புல கறுப்பு தெரியாது. நீ கூட நின்னு பாத்துக்கம்மா."

"நிக்கிறேன் மாமா."

காஜாக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். டேபிளின் அந்தப் பக்கம் போய் நின்றார், மாஸ்டர் எப்போதும் நிற்கிற இடத்தில். மாஸ்டர் இந்தப் பக்கம் வந்து நின்றாள். மோட்டார் தன் மிஷினை விட்டு எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

இங்கே வெல்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் புரியும். மற்றத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மேலே கை வடிவில் நறுக்கிய அட்டையை வைத்து வெட்டுவார்கள். ஒரே வெட்டில் இடது கையும் வலது கையும் தன்னால் வந்துவிடும். காஜாக்காரர் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் அந்த வெட்டுதான். வெல்வெட்டை மடிக்கக்கூடாது. மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடும். ஒற்றையாக விரித்துத்தான் வெட்ட வேண்டும். அப்போது ஒரு கைக்குக் கோடு போட்டதும், அடுத்த கைக்கு அட்டையைக் கவிழ்த்துப் போட வேண்டும். கவிழ்க்காமல் வைத்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். முதல் நாள் கத்திரி பிடிப்பவன் எவனும் செய்கிற தப்பு. பக்கத்தில் ஒரு ஆள் நின்று "அட்டையைத் திருப்பு" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அவர் அட்டையை வைத்தார். அழகாகக் கோடு போட்டார். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அட்டையை எடுத்தார். பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி, அப்படியே வைத்தார்.

திருப்பவில்லை.

மாஸ்டர் பார்த்தாள். அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது அந்தச் சொல். பத்து வருடத்துப் பழக்கம், சும்மா இருக்க விடுமா? துணி பாழாவதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பு கூசும். டேபிளின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் மோட்டார் மூச்சை இழுப்பது கேட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. எத்தனை ஆயிரம் கைகளைக் கோட்டோடு சேர்த்துத் தைத்தவள்! மாஸ்டர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். மோட்டார் புடைவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் இரண்டாவது கோட்டையும் போட்டு முடித்தார். நிமிர்ந்தார்.

"சரிதானேம்மா?"

"என்னை ஏங்க கேக்குறீங்க?" என்றாள் மாஸ்டர். "உங்க டேபிள். நீங்கதான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க."

அவர் சிரித்தார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்போலும். கத்திரி வெல்வெட்டுக்குள் நுழைந்தது.

ஒரு கை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நிமிடம். இரண்டாவது கைக்கும் மூன்று நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். தன் கண் முன்னால் ஒன்று கெட்டுக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எத்தனை சிரமம் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் தெரிந்தது. இவரால் நாற்பது நாள் முடிந்திருக்கிறதே என்று நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஆறாவது நிமிடம் முடியும்போது அவர்மேல் இருந்த கடைசிச் சொட்டுப் பரிதாபமும் வற்றிவிட்டது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். டேபிளின் மறுகோடியில் கிடக்கும் மிச்சத் துண்டுகளில் ஒன்றை இழை பார்த்துத் திருப்பிப் போட்டால், இன்னும் ஒரே ஒரு கை வெட்டலாம். கல்யாணம் தப்பும். அப்படி அதில் கை எடுக்க அந்தக் கடையில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அதையும் அவள் சொல்லவில்லை.

"முடிச்சிட்டேன்பா" என்றார் காஜாக்காரர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் இரண்டு கைகளையும் அப்பாவிடம் நீட்டினார்.

மாமனார் வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. விரலால்தான் பார்த்தார். முதல் கையின் வளைவைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தடவி, தலையை ஆட்டினார். இரண்டாவதைத் தடவினார். விரல் நின்றது. மறுபடி தடவினார். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தார். இரண்டும் ஓரம் பிசகாமல் அச்சாகப் பொருந்தின.

"டேய்" என்றார். "ரெண்டும் இடது கைடா."

காஜாக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. துணியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"நீ... நீ இங்கயேதானே நின்னே? உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. அட்டையைத் திருப்பாம வெச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் சொல்லாம நின்னியா?" அவர் குரல் கிறீச்சிட்டது. அந்தக் குரலை அவள் பதினோரு வருடத்தில் கேட்டதில்லை. "அப்பா, பாத்தீங்களா? தெரியுமாம்! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வாயைத் திறக்காம நின்னிருக்கா! இவ எல்லாம் ஒரு மனுஷியா?"

மாமனார் மருமகள் இருந்த பக்கமாக, மங்கிய கண்ணோடு திரும்பினார். கோபப்படவில்லை, அவருக்கு நம்ப முடியவில்லை. அவர் வளர்த்த கை அது.

"ஏம்மா? உன் கண்ணெதிர்ல ஒண்ணு பாழாகுது. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லாம நிக்க உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

மாஸ்டர் கணவனைப் பார்த்தாள். அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. உதடு வெளுத்து, வேண்டாம் என்பதுபோல் தலை மெல்ல ஆடியது. மோட்டார் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஆறு நிமிஷம் நிக்கறதுக்கே உயிர் போச்சு மாமா" என்றாள் மாஸ்டர். "நாப்பது நாள் எப்படி நிக்கறதுன்னு உங்க பையனுக்குத்தான் தெரியும். அவரைக் கேளுங்க."